அந்த 53 நாட்களுக்குப் பிறகு: நிச்சயமற்ற காலத்தில் பவுத்தப் பயிற்சி

(பவுர்ணமிக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நிச்சயமற்ற காலத்தில் நம்பிக்கையும் நிலைத்தன்மையும்: பவுத்தம் காட்டும் வழி' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் அதைப் படித்தவுடன் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. நமக்கு எந்தக் காலம் நிச்சயமாக இருந்தது? நாளைக்குக் கூலி உண்டா, ஊர்க் குழாயில் தண்ணீர் பிடிக்க விடுவார்களா, கல்லூரிக்குப் போன பையன் ஊர் எல்லையைத் தாண்டி முழுசாக வீடு வந்து சேருவானா? சேரியில் பிறந்தவர்களுக்கு இவையெல்லாம் அன்றாடக் கேள்விகள். கொரோனா வந்த பிறகு நடுத்தர வர்க்கம் 'நிச்சயமின்மை' என்று பேசத் தொடங்கியது. நம் பாட்டிகளிடம் கேட்டிருந்தால் அதைப் பற்றி மூன்று நாள் பாடம் நடத்தியிருப்பார்கள்.

இருந்தாலும் இன்றைக்குப் புதிதாக ஒன்று நடக்கிறது. போராடிப் பெற்ற சிறிதளவு நிச்சயமும் நம் கையிலிருந்து நழுவுகிறது. அப்பா நிரந்தரத் தொழிலாளி, மகன் ஒப்பந்தத் தொழிலாளி. அம்மாவுக்கு ஓய்வூதியம் உண்டு, மகளுக்கு மாதக் கடைசியில் சம்பளம் வருமா என்பதே தெரியாது. இட ஒதுக்கீட்டில் படித்து முடித்தவர்கள், இட ஒதுக்கீடே இல்லாத தனியார் துறையின் வாசலில் நிற்கிறார்கள். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகையின் முன்பு தூய்மைப் பணியாளர்கள் நடைபாதையில் அமர்ந்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவர்கள் கேட்டது புதிய சலுகை எதுவும் இல்லை. செய்துகொண்டிருக்கும் வேலையைத் தனியாரிடம் தூக்கிக் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்டார்கள். ஆகவே தலைப்பு தேவையான தலைப்புதான்.

நம்பிக்கை என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தமிழில் இந்த ஒரே சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறோம். கடவுள் நம்பிக்கை என்கிறோம். நாளை நல்லது நடக்கும் என்ற நம்பிக்கை என்கிறோம். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து விற்பதுதான் இங்கே மதங்களின் வேலையாக இருந்து வந்திருக்கிறது. எங்களை நம்பு, உனக்கு நல்லது நடக்கும். நடக்கவில்லையா, அது உன் தலையெழுத்து, போன பிறவியில் செய்த வினை. அடித்தவனும் இதையே சொல்கிறான். அடிபட்டவனுக்கும் இதையே சொல்லிக் கொடுத்திருக்கிறான். பவுத்தம் இந்தக் குழையலைப் பிரிக்கிறது. எதையும் நம்பு என்று அது சொல்லவில்லை, செய்து பார் என்கிறது. அந்தச் செய்கை என்ன என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதை நூல்களிலிருந்து தொடங்காமல் நம்முடைய வரலாற்றிலிருந்தே தொடங்கலாம்.

1956 அக்டோபர் 14. நாக்பூர். குசிநகரிலிருந்து வந்த மூத்த பிக்கு சந்திரமணி அவர்களிடம் பாபாசாகேப் அம்பேத்கர் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். பிறகு அவரே திரும்பி நின்று, கூடியிருந்த லட்சக்கணக்கான மக்களுக்கு அவற்றை வழங்கினார். 22 உறுதிமொழிகளையும் சேர்த்து வழங்கினார். ஒரு பிக்கு இல்லாமல் இல்லறத்தார் ஒருவர் தீட்சை வழங்கலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது, அந்த ஒரு செய்கையில் எவ்வளவு தொலைநோக்கு இருந்தது என்பது புரிகிறது.

அடுத்த 53 ஆம் நாள், டிசம்பர் 6, தில்லியில் அவர் இறந்துபோனார்.

அந்த 53 நாட்களை ஒரு சாதாரணக் குடும்பத்தின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக வீட்டில் இருந்த சாமி படங்களை எடுத்துப்போய் ஆற்றில் விட்டாயிற்று. செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று ஊரில் சொல்லியாயிற்று. அதற்காக ஊர் நம்மைப் புறக்கணிக்கிறது, வேலை கொடுக்க மறுக்கிறது. பழைய மதத்தை விட்டாயிற்று. புதிய மார்க்கத்தைப் பற்றித் தெரிந்ததோ மிகக் கொஞ்சம். அதைச் சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் போய்விட்டார். அவர் எழுதிய 'புத்தரும் அவர் தம்மமும்' இன்னும் அச்சாகி வெளிவரவில்லை, 1957 இல்தான் வந்தது. ஊரில் இருப்பவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? 'பார்த்தீர்களா, சாமியை விட்டதும் உங்கள் தலைவரையே கொண்டு போய்விட்டது' என்று சொல்லாமல் இருந்திருப்பார்களா?

சட்டமும் அவர்களைக் கைவிட்டது. இந்து மதத்தில் இருந்தால்தான் பட்டியல் சாதி என்று 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை சொன்னது. பவுத்தர்களை அந்தப் பட்டியலில் மீண்டும் சேர்த்தது 1990 இல். இடையில் 34 ஆண்டுகள். பவுத்தர் என்று எழுதினால் மத்திய அரசு வேலையில் ஒதுக்கீடு போய்விடும் என்று தெரிந்தே எழுதியவர்கள் இருந்தார்கள். பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக ஆவணத்தில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு தரப்பினரையும் நான் குறைத்துப் பேச மாட்டேன்.

இதைவிட நிச்சயமற்ற காலம் ஒன்று இருக்க முடியுமா? நியாயமாகப் பார்த்தால் எல்லோரும் திரும்பிப் போயிருக்க வேண்டும். என்ன நடந்தது? டிசம்பர் 7, மும்பை தாதர் கடற்கரை. பாபாசாகேபின் உடல் சிதையில் இருக்கிறது. அங்கேயே, அந்த இடத்திலேயே, பதந்த் ஆனந்த் கவுசல்யாயன் திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்ல, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பவுத்தம் ஏற்றார்கள். மகாராட்டிரத்தில் 1951 கணக்கெடுப்பில் சுமார் இரண்டரை ஆயிரமாக இருந்த பவுத்தர்கள் 1961 இல் ஏறக்குறைய 28 லட்சம். தலைவர் இறந்த பிறகுதான் இந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி வந்தது. அரசியல் கட்சி காப்பாற்றியதா என்றால் அதுவும் இல்லை. 1957 இல் தொடங்கிய குடியரசுக் கட்சி சில ஆண்டுகளிலேயே பிளவுபட்டது.

வேறு எது அவர்களைத் தாங்கியது என்று தேடினால் மிகச் சிறிய விஷயங்கள்தான் கிடைக்கின்றன. பாபாசாகேப் தொகுத்துக் கொடுத்த சின்ன வழிபாட்டு நூல். ஒற்றை அறை விகாரை, அதுவும் பல ஊர்களில் தகரக் கொட்டகை. மாலையில் கூடி வந்தனை. வாமன்தாதா கர்டக் போன்ற பாடகர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடிய பீம் பாடல்கள். ஆடிப் பவுர்ணமியிலிருந்து மூன்று மாத மழைக்காலம் முழுவதும், எழுத்துத் தெரிந்த ஒருவர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பது. இது மகாராட்டிரச் சேரிகளில் இன்றைக்கும் நடக்கிறது. பார்ப்பனப் புரோகிதர் இல்லாத திருமணம். ஆண்டுக்கு நான்கைந்து நாட்கள்: ஏப்ரல் 14, வைகாசிப் பவுர்ணமி, தம்மச் சக்கர நாள், டிசம்பர் 6. ஒரு நாள்காட்டி, ஒரு அறை, கூடுகிற ஒரு பழக்கம். இவ்வளவுதான்.

2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிவு 73 விழுக்காடு, பவுத்தர்களிடையே 81 விழுக்காடு. இவர்களில் பெரும்பாலோர் பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே உட்கார வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். கூட்டத்தில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்ட அந்த மழைக்கால மாலைகளுக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பு உண்டு என்று நான் கருதுகிறேன்.

இனி நூலுக்கு வருகிறேன். மஜ்ஜிம நிகாயத்தில் ஒரு சுத்தம் இருக்கிறது. கோபக மொக்கல்லான சுத்தம் என்று பெயர். புத்தர் இறந்து சிறிது காலம்தான் ஆகியிருக்கிறது. இராசகிருகத்தில் போர்ப் பதற்றம். உச்சயினி மன்னன் படையெடுப்பான் என்று சந்தேகப்பட்டு அஜாதசத்து கோட்டையைப் பலப்படுத்திக்கொண்டிருக்கிறான். அந்த வேலையை மேற்பார்வையிட வந்த அமைச்சர் வஸ்ஸகாரர் என்ற பார்ப்பனர், ஆனந்தரைச் சந்திக்கிறார். வஜ்ஜிக் குடியரசைச் சண்டை மூட்டிப் பிளந்தவர் என்று உரைகள் சொல்லும் அதே வஸ்ஸகாரர்தான். அவர் கேட்கிறார்: உங்கள் ஆசான் தனக்குப் பின் இன்னார் தலைவர் என்று யாரையாவது நியமித்தாரா? இல்லை என்கிறார் ஆனந்தர். சங்கமாவது கூடி ஒருவரை நியமித்ததா? அதுவும் இல்லை. அப்படியானால் புகலிடம் இல்லாத நீங்கள் எப்படி ஒற்றுமையாக இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஒருவரைத் தூக்கிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று எண்ணுகிற அதிகாரியின் கேள்வி இது. எந்த உளவுத்துறையும் கேட்கக்கூடிய கேள்வி.

ஆனந்தரின் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். எங்களுக்குப் புகலிடம் இருக்கிறது, தம்மமே புகலிடம் என்கிறார். அதோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் அழகான சொல்லாகப் போயிருக்கும். அடுத்து அவர் ஒரு நடைமுறையைச் சொல்கிறார். ஒரே கிராமத்தைச் சார்ந்து வாழ்கிற நாங்கள் அனைவரும் உபோசத நாளன்று ஓரிடத்தில் கூடுவோம். எங்கள் ஒழுக்க விதிகளைத் தெரிந்த ஒருவரைச் சொல்லச் சொல்வோம். சொல்லும்போது யாரிடமாவது மீறல் தெரிந்தால், தனிமனிதருக்குப் பயந்து அல்ல, தம்மத்தின்படி அதைச் சரிசெய்வோம். இதுதான் பதில்.

அமைச்சர் தத்துவம் கேட்டிருந்தால்கூட ஆனந்தர் இந்த அட்டவணையைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். எந்த நாள், எந்த இடம், யார் யார், என்ன செய்வோம். நிலைத்தன்மை என்று நாம் பேசுவது இங்கேதான் இருக்கிறது. நாக்பூரில் பாபாசாகேப் தன் கையால் மக்களுக்கு நேரடியாகத் தீட்சை வழங்கியதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தான் இல்லாவிட்டாலும் நடக்கக்கூடிய ஒன்றை அவர் விட்டுப்போனார்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மூன்றாவது சரணத்தில் வரும் சங்கமும் தொழிற்சங்கத்தில் வரும் சங்கமும் ஒரே சொல். சில மொழிக்காரர்கள் இதை விளக்க வேண்டியிருக்கும். நமக்கு விளக்கம் தேவையில்லை. தமிழர்களிடையே இந்த இரண்டு சங்கங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்த இடம் ஒன்று உண்டு, கோலார் தங்கவயல்.

1898 இல் பண்டிதர் அயோத்திதாசர் இலங்கைக்குச் சென்று, கொழும்பில் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பினார். இராயப்பேட்டையில் சாக்கிய பவுத்த சங்கத்தைத் தொடங்கினார். நாக்பூருக்கு 58 ஆண்டுகளுக்கு முன்பு. 1907 இல் 'ஒரு பைசாத் தமிழன்' ஏடு வந்தது. அந்த ஏட்டையும் சங்கத்தையும் தாங்கிப் பிடித்தவர்களில் முன்னால் நின்றவர்கள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சுரங்கத்துக்குள் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள். வடார்க்காட்டிலும் சுற்றுப்புறத்திலும் பண்ணையடிமையிலிருந்து தப்பித்துப் போனவர்கள். அந்தச் சுரங்கங்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயின. அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென்று வெடித்துச் சிதறும். காலையில் கூண்டில் இறங்குகிறவர் மாலையில் ஏறி வருவார் என்று வீட்டில் யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அப்படிப்பட்ட இடத்தில் அவர்கள் பவுத்த சங்கம் வைத்தார்கள், நூல்கள் அச்சிட்டார்கள், திருமணமும் இறப்புச் சடங்கும் தாங்களே நடத்தினார்கள். பண்டிதர் 1914 இல் மறைந்த பிறகும் அவர் எழுத்துகளைக் காப்பாற்றி அச்சிட்டது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. 'தமிழன்' ஏட்டை 1920களில் மீண்டும் நடத்தியவர் தங்கவயலின் அப்பாதுரையார். சுரங்கம் 2001 இல் மூடப்பட்டது. தங்கம் எடுத்தவர்களின் குடும்பங்கள் இன்று விடியற்காலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகின்றன. ஆனால் அயோத்திதாசரை நாம் இன்று படிக்க முடிகிறது என்றால், எந்தப் பல்கலைக்கழகமும் அல்ல, அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள்தான் காரணம். நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாதவர்கள் அடுத்த நூற்றாண்டுக்குப் புத்தகம் அச்சிட்டிருக்கிறார்கள். நம்பிக்கை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

சரி, மூச்சுப் பயிற்சிக்கு வருகிறேன். அதைக் கேட்கத்தான் சில இளைஞர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரியும். ஆனாபானசதி, அதாவது மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கவனித்துக்கொண்டு அமர்ந்திருப்பது. அது வேலை செய்யும். பத்து நிமிடம் அமர்ந்து பாருங்கள், பதற்றம் ஒரு படி இறங்கும். மனம் ஓடும், ஓடினால் மீண்டும் மூச்சுக்குக் கூட்டி வாருங்கள், திட்டாமல் கூட்டி வாருங்கள். இதற்கு மேல் அதில் பெரிய இரகசியம் இல்லை. பணம் கட்டி யாரிடமும் கற்க வேண்டியதும் இல்லை.

ஆனால் இன்று அதை விற்கிறார்கள். 1979 இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் வலியோடு வாழும் நோயாளிகளுக்காக ஜான் கபாட்-சின் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். அவர் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அது அங்கிருந்து பெரிய நிறுவனங்களுக்குப் போய், கைப்பேசிச் செயலியாகி, நம் பெருங்குடிக்கும் சிறுசேரிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நிறுவனம் ஒரு பக்கம் ஆளைக் குறைக்கும், இன்னொரு பக்கம் மிச்சம் இருப்பவர்களுக்கு மூச்சை விடச் சொல்லிக் கொடுக்கும். சீலத்தை எடுத்துவிட்டார்கள், சங்கத்தை எடுத்துவிட்டார்கள், மூச்சை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தனியாக உட்கார்ந்து தன்னைத்தானே சரிசெய்துகொள்கிற தொழிலாளி முதலாளிக்கு மிகவும் வசதியானவர்.

இங்கே இரண்டு அம்புகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருவன் மீது ஓர் அம்பு பாய்கிறது. அது உடல் வலி. அதைப் பற்றி அவன் புலம்பி, பயந்து, தன்னையே நொந்துகொள்வது இரண்டாவது அம்பு. பயிற்சி பெற்றவனுக்கு முதல் அம்பு மட்டும்தான் வலிக்கும். இது சுத்தத்தில் இருக்கிறது. இதை எடுத்துக்கொண்டு, 'பார், பிரச்சினை உன் மனத்தில்தான்' என்று நமக்கு உபதேசம் செய்ய வருகிறார்கள். நண்பரே, முதல் அம்பு தானாக வரவில்லை, யாரோ எய்தார்கள். விடுதியில் சாதி கேட்டவர், நேர்காணலில் அப்பாவின் தொழிலைக் கேட்டவர், ஆய்வு வழிகாட்டி கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தவர், இவர்கள் எல்லாம் நம் மனத்துக்குள் இருப்பவர்கள் அல்ல. ஆனால் இரண்டாவது அம்பும் உண்மைதான். 'எனக்குத் தகுதி இல்லையோ', 'நான்தான் இந்த இடத்துக்குப் பொருந்தாதவனோ' என்று இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு தன்னையே குத்திக்கொள்வது இரண்டாவது அம்பு. சாதி நமக்குக் கற்றுக்கொடுத்த மிகத் தந்திரமான வேலை அது. அந்த அம்பைப் பிடுங்குவதற்கு மூச்சைக் கவனியுங்கள். முதல் அம்புக்குச் சங்கத்துக்கு வாருங்கள், புகார் எழுதுவோம். தேவையானால் மருத்துவரிடமும் போவோம். புத்தரே மருத்துவர் சீவகரிடம் மருந்து வாங்கியவர்தான். மனநோய்க்கு மருந்து சாப்பிடுவதில் எந்தக் கேவலமும் இல்லை.

மைத்ரியைப் பற்றியும் இதே குழப்பம்தான். எல்லா உயிர்களிடமும் அன்பு என்றால் அடித்தவனிடமும் அன்பா என்று போன மாதம் ஒரு தம்பி கோபமாகக் கேட்டார். கோபம் நியாயமானது. மைத்ரி என்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவது அல்ல. வழக்கு நடக்கட்டும், தண்டனை கிடைக்கட்டும். அந்த ஆளைப் பற்றிய வெறுப்பு இருபது வருடம் நம் வீட்டுச் சோற்றில் கலந்திருக்க வேண்டாம் என்பதற்குத்தான் அந்தப் பயிற்சி.

துயரத்தைப் பற்றிப் பேசும்போது கிசாகோதமியின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிள்ளை இறந்ததை ஏற்காமல் மருந்து கேட்டுத் திரிகிற தாய். சாவே நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்கிறார் புத்தர். எல்லோருக்கும் சாவு உண்டு என்று புரிந்துகொண்டாள் என்று கதையை முடித்துவிடுவார்கள். அது ஒரு வரித் தத்துவம் என்றால் அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே, எதற்காக வீடு வீடாக அனுப்ப வேண்டும்? அவள் ஒவ்வொரு வாசலிலும் நின்றிருப்பாள். கடுகு கொண்டுவந்த கை நின்றிருக்கும். 'எங்கள் வீட்டில் போன வருடம் அவர் போய்விட்டார்' என்று ஒருத்தி சொல்லியிருப்பாள். தெரு முடிவதற்குள் அவள் துயரம் ஒரு கூட்டத்தின் துயரமாக ஆகியிருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த வீட்டில் வாங்கலாம், எந்த வீட்டில் வாங்கக்கூடாது என்று புத்தர் சொல்லவில்லை. சாவு இல்லாத வீடாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஊரும் சேரியும் ஒரே தெருவாகிற நிபந்தனை அது.

2016 ஏப்ரல் 14 அன்று மும்பை தாதரில் ராதிகா வெமுலா பவுத்தம் ஏற்றார். மகன் ரோகித்தை இழந்து மூன்று மாதம்கூட முழுதாக ஆகவில்லை. அதே ஆண்டு சூலையில் குசராத்தின் ஊனாவில் மாட்டுத்தோல் உரித்ததற்காகக் கட்டிவைத்து அடிக்கப்பட்ட குடும்பம், 2018 ஏப்ரலில் தங்கள் சொந்த ஊரிலேயே பவுத்தம் ஏற்றது. தீட்சை பெற்றதால் இவர்களுக்கு நீதி வந்துவிடவில்லை. அப்படி நான் சொன்னால் அது பொய். ஆனால் தனி வீட்டின் துயரமாக முடங்கியிருக்க வேண்டியது அன்றைக்கு அப்படி முடங்கவில்லை.

பவுத்தம் துக்கத்தைப் பேசுகிற மதம், அதில் நம்பிக்கைக்கு எங்கே இடம் என்று கேட்பவர்கள் உண்டு. இதைப் பாபாசாகேபே கேட்டார். 'புத்தரும் அவர் தம்மமும்' முன்னுரையில், நான்கு ஆரிய உண்மைகள் மனிதனுக்கு நம்பிக்கையை மறுக்கின்றனவே, இவை புத்தர் சொன்னவைதானா என்று வெளிப்படையாகவே எழுப்பினார். அதே முன்னுரையில் பிக்கு யாருக்காக என்றும் கேட்டார். தன்னை மட்டும் முழுமையாக்கிக்கொள்கிறவர் என்றால் பயன் இல்லை, சமூகத் தொண்டர் என்றால் அவர் பவுத்தத்தின் நம்பிக்கையாக அமையக்கூடும் என்றார். சித்தார்த்தர் வீட்டை விட்டு வெளியேறியதற்குக் கிழவரையும் நோயாளியையும் பிணத்தையும் பார்த்ததுதான் காரணம் என்ற கதையை அவர் ஏற்கவில்லை. ரோகிணி ஆற்று நீருக்காகச் சாக்கியரும் கோலியரும் போருக்குப் புறப்பட்டபோது, போர் வேண்டாம் என்று சங்கத்தில் எதிர்த்து நின்றதால் வெளியேற நேர்ந்தது என்று எழுதினார். தண்ணீர்ச் சண்டையில் தொடங்குகிற புத்தர். மகத் குளத்தில் தண்ணீர் எடுத்தவருக்கு அந்தப் புத்தரைத்தான் தெரிந்திருக்கும்.

பஞ்சசீலத்தில் ஐந்தாவதைப் பற்றி மட்டும் கொஞ்சம். மற்ற நான்கையும் நீங்கள் எனக்குச் சொல்லித் தருவீர்கள். மது வேண்டாம் என்பதை ஒழுக்க உபதேசமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சாக்கடைக்குள் இறங்குகிறவர் குடிக்காமல் எப்படி இறங்குவார் என்று ஒரு தோழர் என்னிடமே கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியின் பதில் அரசாங்கத்திடம் இருக்கிறது. இயந்திரத்தைக் கொடு, மனிதரை இறக்காதே. ஆனால் நம் தெருமுனையில் கடையைத் திறந்து வைத்திருப்பதும் அதே அரசாங்கம்தான். ஒரு கையால் கூலி கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்கிறது. வாரக் கடன் வசூலிக்க வருகிறவர் செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் நிற்கும்போது அவருக்குப் பதில் சொல்பவர் வீட்டுப் பெண். இந்தக் கணக்கைப் பார்த்தால் ஐந்தாவது சீலம் வீட்டின் வரவுசெலவுத் திட்டம் என்று தெரியும். தனியாக அதைக் காப்பாற்றுவது கடினம். நாலு பேர் சேர்ந்து சனிக்கிழமை மாலை வேறெங்காவது கூடினால் கொஞ்சம் எளிது.

2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் பவுத்தர்கள் சுமார் 11 ஆயிரம் பேர்தான். இந்த எண்ணைச் சொல்லிச் சிலர் சிரிக்கிறார்கள். அயோத்திதாசர் 1898 இல் இராயப்பேட்டையில் எத்தனை பேரோடு தொடங்கினார் என்று அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை.

எனவே மூன்று வேலைகள். இந்த அறைக்கு வாடகை இரண்டு மாதம் பாக்கி என்று பொறுப்பாளர் சொன்னார், வெளியே போகும்போது முடிந்ததைக் கொடுங்கள். மழைக்காலம் வருகிறது, 'புத்தரும் அவர் தம்மமும்' தமிழ் நூல் ஒரு பிரதி இங்கேயே இருக்கும், வாரம் ஒரு மாலை படிக்கலாம். முதல் வாரம் படிக்க ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டது. மூன்றாவது, போன பவுர்ணமிக்கு வந்து இன்று வராதவர்கள் யார் யார் என்று பின்வரிசையில் இருக்கும் அக்கா ஒரு தாளில் குறித்திருக்கிறார். ஏழு பேர். அவர்கள் வீட்டுக்கு யார் போகிறீர்கள் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு பத்து நிமிடம் மூச்சைக் கவனித்து அமர்வோம். அதன் பின் தேநீர், கேள்விகள்.

ஜெய்பீம்.